பள்ளத்தில் இறங்கி ஏறியதும் முன்சக்கரங்கள் துடிக்கின்றன: பழைய ஜீப்பின் ஸ்டீயரிங் கோளாறு

குலசேகரம் ரப்பர்க்காரன்:
அனைவருக்கும் வணக்கம். பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள எங்கள் ரப்பர் தோட்டத்துக்குப் போய்வருவதற்காக, நான்கு சக்கரங்களுக்கும் லீஃப் ஸ்பிரிங் (இரும்புப் பட்டைகளை அடுக்கிய வில்) உள்ள பழைய ஃபோர் வீல் ஜீப் ஒன்றை வாங்கியிருக்கிறேன். முன்பு வைத்திருந்தவர் நீளமான ஷாக்கிள்களை (ஸ்பிரிங்கின் ஒரு முனையை வண்டியோடு இணைக்கும் ஆடும் தகடுகள்) போட்டு வண்டியை உயர்த்தி, பெரிய டயர்களையும் மாட்டியிருக்கிறார். தோட்டத்துப் பாதையில் குறை எதுவும் தெரிவதில்லை. ஆனால் தார்ச்சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது முன்சக்கரம் ஒன்று பள்ளத்தில் இறங்கி ஏறினால், இரண்டு முன்சக்கரங்களும் இடமும் வலமுமாகப் பலமாக உதறத் தொடங்கி, வண்டியை ஏறக்குறைய நிறுத்திய பிறகுதான் அடங்குகின்றன. வீல் பாலன்சிங் செய்தும் பயனில்லை. ஸ்டீயரிங் டேம்பர் போட்டால் சரியாகிவிடும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். அதற்குச் செலவழிக்கலாமா?

நாகர்கோவில் பழைய மெக்கானிக்:
இப்போதைக்கு டேம்பர் வாங்க வேண்டாம். நல்ல நிலையில் இருக்கும் ஸ்டீயரிங்கில் சாலையின் உதறலைக் குறைப்பதுதான் டேம்பரின் வேலை. தேய்ந்த உறுப்புகளுக்கு மேல் அதைப் பொருத்தினால் ஆட்டம் சில காலம் மறைந்திருக்கும், தேய்மானம் உள்ளே வளர்ந்துகொண்டே போகும். பாலன்சிங் கோளாறு என்றால் குறிப்பிட்ட வேகத்தில் நல்ல சாலையிலும் நடுக்கம் வரும். பள்ளம் தட்டியதும் தொடங்கி, தானாகப் பெருகும் உதறல், முன் ஆக்சிலிலோ ஸ்டீயரிங் இணைப்புகளிலோ தளர்வு இருப்பதையே முதலில் காட்டுகிறது.

சோதனைக்கு ஜாக்கி கூட வேண்டாம். நான்கு சக்கரமும் தரையில் இருக்க, எஞ்சினை அணைத்துவிட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கைச் சிறிது இடமும் சிறிது வலமுமாக விடாமல் திருப்பட்டும். நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு இணைப்பின் மேலும் கையை வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதமாக அசையும் டை ராட் எண்ட் (இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் கம்பியின் முனை), டிராக் லிங்க் (ஸ்டீயரிங் பாக்ஸின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பி) முனை, ஸ்பிரிங் புஷ் (ஸ்பிரிங் முனைக்குள் இருக்கும் உறை) எதுவானாலும் கைக்கே தெரிந்துவிடும். ஸ்டீயரிங் பாக்ஸை சேசிஸில் பிடித்திருக்கும் போல்ட்டுகளையும், அந்த இடத்தில் சேசிஸில் விரிசல் இருக்கிறதா என்பதையும் பார்க்காமல் எழுந்துவிடாதீர்கள். தோட்டப் பாதையில் ஓடும் வண்டிகளில் அந்த இடம் விட்டுப்போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அதன் பிறகு முன்பக்கத்தைத் தூக்கி, கீழே ஸ்டாண்டு கொடுத்துவிட்டு, டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் வேறொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். மிதித்தும் நிற்காவிட்டால் கிங் பின் (சக்கரம் இடமும் வலமும் திரும்புவதற்கான அச்சு) பேரிங்.

ஸ்டீயரிங் பாக்ஸின் அட்ஜஸ்ட்மென்ட் திருகை மட்டும் முதலில் தொட வேண்டாம். அதை அளவுக்கு மீறி இறுக்கினால் வளைவு முடிந்தபின் ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பாது. முப்பந்தல் பக்கம் ஆடி மாதத்துக் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது அப்படிப்பட்ட வண்டியை நேராக ஓட்டுவது பெரும் பாடு.

அருமனை மலைப்பாதை:
மேலே எழுதிய ஐயா சொன்னதில் கிங் பின்னைப் பற்றிச் சற்றுக் கூடுதலாகச் சொல்ல விரும்புகிறேன். உருண்டையான மூடிய நக்கிள் (ஆக்சில் முனையில் சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் பகுதி) உள்ள பழைய ஆக்சில்களில், உருண்டையைத் துடைத்தபடி நிற்கும் சீல் கெட்டுவிட்டால், ஓடையைக் கடக்கும்போது தண்ணீரும் செம்மண்ணும் உள்ளே புகுந்து கிரீஸைக் கெடுத்துவிடும். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் கிடைப்பதால் அந்தப் பேரிங்குகளுக்கு உலர்ந்த காலமே குறைவு. துருப்பிடித்துக் குழி விழுந்த பேரிங்கை ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) எடுத்து இறுக்கிப் பயனில்லை. பேரிங்கும் அது உட்காரும் கப்பும் சீலும் சேர்த்தே மாற்ற வேண்டும். புதியதைப் போடும்போது மேலும் கீழும் ஷிம்களின் தடிமன் சமமாக இருக்கட்டும். டை ராடைக் கழற்றிவிட்டு, ஸ்பிரிங் தராசால் நக்கிளை இழுத்து, சர்வீஸ் புத்தகம் சொல்லும் இறுக்கம் வருகிறதா என்று அளந்து பாருங்கள். இந்த வேலையைக் கைக்கணக்கில் செய்யும் பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

குலசேகரம் ரப்பர்க்காரன்:
இருவருக்கும் மிக்க நன்றி. சொன்னபடியே பார்த்தோம். இடது சக்கரத்தில் பிரேக்கை மிதித்தும் ஆட்டம் நிற்கவில்லை. உருண்டையின் அடியிலிருந்து துரு கலந்த தண்ணீர் கசிகிறது. டிராக் லிங்கின் ஒரு முனையும் தளர்ந்திருக்கிறது. இவற்றை மாற்றினால் போதுமா, ஷாக்கிளையும் மாற்ற வேண்டுமா?

நாகர்கோவில் பழைய மெக்கானிக்:
இரண்டு பக்க கிங் பின்களையும் மாற்றுங்கள். வலது பக்கமும் அதே ஓடையில்தான் இறங்கியிருக்கிறது. ஷாக்கிளைப் பொறுத்தவரை, அது முன் ஸ்பிரிங்கின் முன்முனையில் பொருத்தப்பட்ட வண்டிகளில் நீளம் கூடும்போது ஆக்சில் முன்னோக்கிச் சாய்ந்து கேஸ்டர் (கிங் பின் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) குறைகிறது. சக்கரத்தைத் தானாக நேர்ப்படுத்துவது அந்தக் கேஸ்டர்தான். வில்லிஸ் நிறுவனத்தின் ஜீப்புகள் வழிவந்த வண்டிகளுக்கு அது சுமார் 3 பாகை இருக்க வேண்டும். ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் இடையே ஆப்புத் தகடு வைத்து அதைத் திரும்பப் பெறலாம் என்றாலும், அப்போது முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் (முன் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) கோணம் கெட்டு, ஃபோர் வீல் போட்டதும் அதிர்வு வரக்கூடும். பழைய அளவு ஷாக்கிளையும், கம்பெனி சொன்ன அளவு டயரையும் மாட்டிவிடுவதே என் கருத்து. கடைசியாக டோ இன்னை (முன்சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கி நெருங்கியிருக்கும் அளவு) சரிபாருங்கள். அது ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டருக்குள் இருந்தால் போதும்.

வேலை முடியும்வரை வண்டியைத் தார்ச்சாலையில் ஓட்டாமல் லோடு வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். ஓட்டியே ஆக வேண்டி வந்து, வழியில் உதறல் வந்துவிட்டால் ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டாமல் ஆக்சிலேட்டரை விட்டு, மெதுவாக பிரேக் பிடித்து ஓரங்கட்டுங்கள்.