இணை ஆசிரியர் வலைப்பின்னல் வரைந்தால் பச்சை உருண்டைதான் வருகிறது

நூல்கண்டு:
எங்கள் துறையிலிருந்து பத்து வருடத்தில் வந்த 418 ஆய்வுக் கட்டுரைகளின் விவரத்தை ஓப்பன்அலெக்ஸ் என்ற இலவச ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்திலிருந்து இறக்கி, யார் யாரோடு சேர்ந்து எழுதியிருக்கிறார்கள் என்று கெஃபி என்ற வலைப்பின்னல் வரையும் மென்பொருளில் வரைந்து பார்த்தேன். நடுவில் பெரிய பச்சை உருண்டை, சுற்றிலும் பொடிப்பொடியாகச் சில துணுக்குகள். புள்ளிகளை இடம் பிரித்து வைக்கும் அதன் லேஅவுட்டான ஃபோர்ஸ்அட்லஸ்2-ஐ அரை மணி நேரம் ஓடவிட்டும் உருண்டை அவிழவில்லை, லேசாக ஆடுகிறது, அவ்வளவுதான். துறையில் இருப்பதே முப்பது பேர், ஆனால் உருண்டைக்குள் இருக்கும் பெயர்களில் முக்கால்வாசி யாரென்றே தெரியவில்லை. ஆண்டறிக்கைக்குப் படம் வேண்டுமாம். லேஅவுட்டை மாற்றுவதா, இதே வேலை செய்யும் இன்னொரு மென்பொருளான விஓஎஸ்வியூவருக்கு ஓடிவிடுவதா?

இரவு ஆந்தை:
லேஅவுட் பாவம், அதை விடுங்கள். ஒரு கட்டுரைக்கு எத்தனை ஆசிரியர்கள் என்று எண்ணி, அதிகம் இருப்பது மேலே வரும்படி அடுக்குங்கள். முதல் வரியில் என்ன இருக்கிறது?

நூல்கண்டு:
ஐயோ. 212 பேர். அடுத்தது 31தான்.

இரவு ஆந்தை:
அதான் உங்கள் உருண்டை. 212 பேரையும் ஒருவரோடு ஒருவர் இணைத்தால் அந்த ஒரு கட்டுரைக்கே 22,366 எட்ஜ் (இணைப்புக் கோடு). ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி அட்லஸ், சிஎம்எஸ் என்ற இரண்டு பெரிய இயற்பியல் ஆய்வுக் குழுக்கள் 2015-ல் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில் 5,154 ஆசிரியர்கள், 33 பக்கத்தில் 24 பக்கம் பெயர்ப் பட்டியல்தான். அதை இப்படி வரைந்தால் 1.33 கோடி எட்ஜ் வரும், கணினி அழுதுவிடும். வலைப்பின்னல் ஆய்வாளர் மார்க் நியூமன் 2001-லேயே இதற்கு வழி சொல்லிவிட்டார்: ஆசிரியர்கள் n பேர் என்றால் ஒவ்வொரு இணைப்புக்கும் 1/(n−1) வெயிட் (இணைப்பின் பலம்). இருவராக எழுதினால் இணைப்புக்கு 1, 212 பேர் என்றால் 1/211. நான் படத்துக்கு என்றால் அந்தக் கட்டுரையையே தூக்கிவிட்டு, தூக்கியதைப் படத்தின் கீழே ஒரு வரியில் எழுதிவிடுவேன். விஓஎஸ்வியூவர் 25 பேருக்கு மேல் உள்ளதைத் தள்ளிவிடும் வசதியோடு வருகிறது, அங்கே ஓடினால் படம் தெளிவாகிவிடும், ஆனால் ஏன் தெளிவானது என்று உங்களுக்குத் தெரியாமலே போயிருக்கும்.

எக்செல் அடிமை:
வெயிட்டெல்லாம் அப்புறம். முதலில் பெயர்களைப் பாருங்கள். இனிஷியல் முன்னால், இனிஷியல் பின்னால், முழுப்பெயர் என்று ஒரே ஆள் மூன்று நோடாக (படத்தில் மூன்று புள்ளியாக) நிற்பார், இரண்டு பேர் ஒரே பெயரில் ஒட்டிக்கொண்டும் இருப்பார்கள். ஆர்கிட் எண் (ஆய்வாளர் ஒவ்வொருவருக்குமான தனி அடையாள எண்) இருப்பவர்களுக்கு அதை வைத்துச் சேருங்கள். ஓப்பன்அலெக்ஸ் தரும் ஆசிரியர் ஐடியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம், அதுவும் கணிப்புதான். முப்பது பேர்தானே, கையாலேயே ஒரு மாலையில் முடிந்துவிடும். சலிப்பான வேலை, ஆனால் நான் ஒருமுறை இதைத் தவிர்த்துவிட்டு, ஒரே ஆளின் இரண்டு பெயர்களை 'இரண்டு குழுக்களின் தலைவர்கள்' என்று ஸ்லைடில் போட்டு, அவர் முன்னாலேயே விளக்கியிருக்கிறேன்.

கோணல் கோடு:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: படத்தில் மேலே, கீழே, இடது, வலது எதற்கும் அர்த்தம் கிடையாது. இன்னொரு முறை ஓட்டினால் எல்லாரும் இடம் மாறி உட்காருவார்கள். கெஃபியில் நோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருக்க 'பிரிவென்ட் ஓவர்லாப்' என்பதைக் கடைசியில் மட்டும் போடுங்கள், தொடக்கத்திலேயே போட்டால் நோடுகள் ஒன்றையொன்று தாண்ட முடியாமல் சிக்கிக்கொள்ளும்.

நூல்கண்டு:
212 பேர் கட்டுரையை எடுத்தேன், பெயர்களைத் திருத்தினேன் (ஒருவர் நான்கு நோடாக இருந்தார்!), நியூமன் வெயிட்டும் போட்டேன். உருண்டை போய் மூன்று கொத்து தெரிகிறது. அதில் இரண்டை இணைப்பது ஒரே ஒரு முனைவர் பட்ட மாணவர், அவரும் போன வருடமே பட்டம் வாங்கிக் கிளம்பிவிட்டார்.

இரவு ஆந்தை:
அந்த ஒரு நோடை எடுத்துவிட்டு இன்னொரு படம் போட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.