எங்க வீட்டு வாட்ஸ்அப் குழு: ராஜா மாமா வீட்டுத் தளம்

ராஜா மாமா: நாளைக்கு காலைல 7 மணிக்கு ரூஃப் கான்கிரீட். எல்லாரும் வந்துருங்க. சாப்பாடு அங்கேயே.

விமலா அத்தை: கயலு, நீ வராம இருக்காத. நம்ம வீட்டு இன்ஜினியரு நீதான்.

கயல்: நாளன்னிக்கு எனக்கு சாயில் மெக்கானிக்ஸ் பரீட்சை அத்தை 😭

பிரபு அண்ணன்: மண்ணுக்கு ஒரு பரீட்சையா 😂

கயல்: சிரிண்ணா. சல்லடைல சலிக்கிறதுல ஆரம்பிச்சு, களிமண் எத்தனை வருஷத்துல எவ்ளோ அமுங்கும்னு கணக்கு வரைக்கும் இருக்கு. பைசா கோபுரம் சாஞ்சதே அடில இருக்குற களிமண்ணாலதான்.

ராஜா மாமா: பைசா இருக்கட்டும். மேஸ்திரிகிட்ட என்ன கேக்கணும்னு சொல்லு.

கயல்: முதல்ல தண்ணி. கொட்ட சுலபமா இருக்கும்னு ஹோஸைத் திறந்து விட்ருவாங்க. எம்20 கிரேடு கான்கிரீட்டுக்கு ஒரு மூட்டை சிமெண்டுக்கு 27 லிட்டர் தாண்டக் கூடாது. மணல் ஈரமா இருந்தா இன்னும் குறைக்கணும். மிச்சத் தண்ணி காஞ்சு போற இடமெல்லாம் பொத்தல்தான் மாமா.

ராஜா மாமா: 📷 போட்டோ

ராஜா மாமா: கம்பி கட்டி முடிச்சாச்சு. சரியா பாரு.

கயல்: கம்பி பலகை மேலயே படுத்துக் கிடக்கே! அங்கங்க ஜல்லியச் சொருகி வச்சிருக்காங்க. அத எடுத்துட்டு 20 எம்எம் கவர் பிளாக் வைக்கச் சொல்லுங்க, அதான் கம்பியப் பலகைல ஒட்டாம தூக்கிப் பிடிக்கிற சின்னக் கட்டை. இப்படியே போட்டா கம்பி துருப்பிடிச்சு சீலிங் பெயர்ந்து விழும்.

ராஜா மாமா: இப்பவே போன் பண்றேன்.

செல்வி சித்தி: கயலு, தினேஷுக்கு கவுன்சலிங் வருது. சிவில் எடுக்கவாங்கிறான். எல்லாரும் கம்ப்யூட்டர்தான்னு சொல்றாங்க.

பிரபு அண்ணன்: கம்ப்யூட்டரே போடுடா தம்பி. ஏசில உக்காரலாம்.

கயல்: அண்ணன் சொல்றதும் பொய்யில்ல. சிவில்ல ஆரம்பச் சம்பளம் கம்மிதான், சைட்ல வெயில்ல நிக்கணும். ஆனா டிஎன்பிஎஸ்சி, எம்.டெக் சேர கேட் எக்ஸாம்னு வழி இருக்கு. தினேஷ், உனக்குக் கணக்கு வருமா? முதல் வருஷம் எல்லா பிராஞ்சுக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அப்புறம் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடத்துல பெண்டிங் மொமென்ட் படம், அதான் பாரம் ஏறுனா உத்திரத்த எந்த இடத்துல எவ்ளோ வளைக்கப் பாக்கும்னு காட்டுற படம், வரையும்போது தெரிஞ்சிரும், பிடிக்குமா பிடிக்காதான்னு. அதுல முழி பிதுங்குனவங்களுக்கு அடுத்து வர்ற ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸும் கஷ்டம்.

தினேஷ்: சர்வே கேம்ப்லாம் உண்டாக்கா?

கயல்: அதான் ஜாலியே 😄 டோட்டல் ஸ்டேஷன்னு நிலம் அளக்குற கருவியத் தூக்கிட்டு காடு மேடெல்லாம் அலையலாம்.

பிரபு அண்ணன்: கிண்டி காலேஜே 1794ல சர்வே ஸ்கூலாத்தான் ஆரம்பிச்சதாம். எனக்கும் கொஞ்சம் தெரியும்!

ராஜா மாமா: கவர் பிளாக் ராத்திரிக்குள்ள வச்சிருவாங்களாம். பலகைய அடில தாங்குற முட்டு 7 நாள்ல பிரிச்சிரலாமான்னு சென்ட்ரிங்காரர் கேக்குறாரு.

கயல்: ஹால் அகலம் எவ்ளோ?

ராஜா மாமா: 16 அடி.

கயல்: அது 4.88 மீட்டர். கான்கிரீட்டுக்கான இந்திய விதிமுறை ஐஎஸ் 456 கணக்குப்படி 4.5 மீட்டர் தாண்டுனாலே முட்டு 14 நாள் நிக்கணும். அதுவரைக்கும் பாத்தி கட்டி தண்ணி தேக்குங்க.

ராஜா மாமா: பலகை வாடகை ஏறுமே...

கயல்: ஏறட்டும் மாமா.

விமலா அத்தை: அவ சொல்றத கேளுங்க. நீ போய்ப் படிடி. நாளைக்கு சாப்பாடு பிரபுகிட்ட குடுத்து விடுறேன்.

பிரபு அண்ணன்: நான் எப்ப ஸ்விகி ஆனேன் 🙄