43 ப்ரொபோசல், 2 மென்டர்: யாரை எடுப்பது?

முதல்தடவை:
எங்கள் திறமூல மென்பொருள் திட்டத்துக்கு, புதியவர்கள் உதவித்தொகையோடு கோடு எழுதும் கூகுள் சம்மர் ஆஃப் கோடில் இந்த வருடம்தான் முதன்முதலாக இடம் கிடைத்திருக்கிறது. மென்டர், அதாவது வழிகாட்டிகள், நாங்கள் இரண்டே பேர், வந்து குவிந்திருப்பதோ 43 ப்ரொபோசல் (என்ன செய்யப்போகிறோம் என்று எழுதிய விண்ணப்பம்). பாதி ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கிறது: வாரவாரி அட்டவணை, பளபளவென்று ஒரு வரைபடம், எங்கள் ரீட்மீ அறிமுகக் கோப்பையே வேறு வார்த்தைகளில் திருப்பிச் சொல்லும் முன்னுரை. எதை வைத்துச் சலிப்பது? கூகுளிடம் எத்தனை ஸ்லாட் (எத்தனை பேருக்கு இடம்) கேட்கலாம்?

பழையகமிட்:
ப்ரொபோசலைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். பேட்ச் (உங்கள் கோடுக்கு ஒரு திருத்தம்) அனுப்பியிருக்கிறார்களா பாருங்கள், அதிலும் முதல் பேட்சை விட, நீங்கள் குறை சொன்ன பிறகு திருத்தி வந்ததைப் பாருங்கள். ஒருவருக்கு "கோப்பு காலியாக இருந்தால் இது விழுந்துவிடுமே" என்று ஒரே வரிதான் எழுதினேன். மறுநாள் அதைச் சரிசெய்து, காலிக் கோப்புக்கு ஒரு டெஸ்ட்டும் சேர்த்து, "பக்கத்து ஃபங்ஷனிலும் இதே கோளாறு இருக்கிறது, தனி பேட்ச்சாக அனுப்பட்டுமா?" என்று கேட்டிருந்தார். எடுத்துவிட்டோம். இதே மாதிரி இன்னொரு திட்டமான அவுட்ரீச்சியில் இது விதியே, பங்களிப்பு எதுவும் செய்து காட்டாதவருக்குத் தேர்வு கிடையாது.

ஸ்லாட் ஒன்று போதும். உங்களில் ஒருவர் காய்ச்சலில் படுத்தாலும் இன்னொருவர் பார்த்துக்கொள்ளலாம்.

மிட்டெர்ம்:
பேட்ச் சரிதான், ஆனால் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். வேலைக்குப் போய்க்கொண்டே விண்ணப்பிப்பவர்கள் உண்டு (கூகுள் திட்டத்தில் மாணவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் 2022இலேயே போய்விட்டது), அவர்களால் ராத்திரியில் ஒன்றுதான் அனுப்ப முடியும். அவர்களுக்கு 350 மணி நேரத் திட்டம் தாங்காது, 175 அல்லது 90 மணி நேரத்தில் ஏதாவது வைத்திருக்கிறீர்களா?

அப்புறம் ஒன்று, நான் சூடுபட்டது. நாங்கள் எடுத்த பையன் நான்காவது வாரத்தில் மௌனமாகிவிட்டான். கேட்டால் "நாளைக்கு அனுப்புகிறேன்" என்பான். பாவம் பார்த்து மிட்டெர்மில், அதாவது நடு மதிப்பீட்டில், பாஸ் போட்டேன், கடைசி மதிப்பீட்டில் ஃபெயில் போட வேண்டியதாயிற்று. நடுவிலேயே நிறுத்தியிருந்தால் அவனுக்கும் ஆறு வாரச் சங்கடமாவது குறைந்திருக்கும். முதல் வாரத்திலேயே "பாதிக் கோடானாலும் வெள்ளிக்கிழமை புஷ் செய்துவிடு" (நாம் பார்க்கும்படி ஏற்றிவிடு) என்று சொல்லி வையுங்கள்.

முதல்தடவை:
நன்றி இருவருக்கும். இப்போதுதான் எண்ணிப் பார்த்தேன், பேட்ச் அனுப்பியவர்கள் 11, திருத்தி மறுபடி அனுப்பியவர்கள் 4. அந்த நால்வரில் ஒருவருடைய ப்ரொபோசலை, ஒன்றரைப் பக்கம்தானே என்று நேற்று ஒதுக்கி வைத்திருந்தேன். எடுத்து மறுபடி படிக்கிறேன்.