கூலன்ட் குறைகிறது, கசிவு தெரியவில்லை: உதவுங்கள்

நண்பர்களே, வணக்கம். என்னிடம் இருப்பது பத்து வருடம் ஓடிய பெட்ரோல் ஹேட்ச்பேக். ரிசர்வாயர் டப்பாவில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) மேல்கோட்டிலிருந்து கீழ்க்கோட்டுக்கு இறங்கிக்கொண்டே இருக்கிறது. மதுரை வெயிலில் தினமும் ஓட்டுகிறேன், ஆனாலும் டெம்பரேச்சர் முள் நடுவைத் தாண்டவில்லை.

காலையில் இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போதுதான் அளவு பார்க்கிறேன். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். புதிதாகப் பழகுகிறவர்கள் இதை மறக்கவே வேண்டாம். வண்டிக்கு அடியில் அட்டை விரித்துப் பார்த்தேன், ஈரமே இல்லை. ஹோஸ் கிளாம்ப்புகள் இறுக்கமாக இருக்கின்றன. முன்சீட்டுக் கால்மிதிக்கு அடியிலும் ஈரமில்லை. ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்ததுபோல் இல்லை, வெள்ளைப் புகையும் வரவில்லை. அதனால் கூலன்ட் இன்ஜினுக்குள்ளேயே கசியவிடும் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) கோளாறாக இருக்காது என்று நம்புகிறேன். வாட்டர் பம்ப் பக்கம் மட்டும் காய்ந்த வெளிர்பச்சைக் கறை தெரிகிறது. கசிந்தது கீழே சொட்டுவதற்குள் சூட்டில் ஆவியாகிவிடுகிறதா?

மெக்கானிக் அந்தக் கறையைப் பார்த்ததுமே பம்ப்பை மாற்றச் சொல்கிறார். செலவு பெரிது. முதலில் ரேடியேட்டர் மூடியை மாற்றிப் பார்க்கலாமா? மூடியின் ரப்பர் தளர்ந்தால் அழுத்தம் நிற்காது, கூலன்ட்டும் குறையும் என்பதால் கேட்கிறேன். அழுத்தம் கொடுத்துக் கசிவைக் கண்டுபிடிக்கும் பிரஷர் டெஸ்டர் வைத்திருப்பவர்கள் மதுரையில் யாராவது இருந்தால் சொல்லுங்கள், வண்டியை அங்கேயே கொண்டுவருகிறேன்.

அப்புறம், உள்ளே இருப்பது பச்சை கூலன்ட், கடையில் சிவப்புதான் கிடைக்கிறது. வகை தெரியாமல் கலக்கப் பயமாக இருக்கிறது. அதுவரை டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிச் சமாளிக்கலாமா? அடுத்த வாரம் அம்மா அப்பாவோடு கொடைக்கானல் மலை ஏற வேண்டும், அதற்குள் பதில் கிடைத்தால் பெரிய உதவி.