பழைய டிபியில் (மின்பகிர்வுப் பெட்டியில்) சிவப்பு-மஞ்சள்-நீலம், புது கேபிளில் வேறு நிறம்: எதை எதோடு சேர்ப்பது?

கேள்வி: சிங்கப்பூர் ஈசூன் பட்டறையில் பழைய 3 ஃபேஸ் டிபி. உள்ளே சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரல் கறுப்பு. மோட்டாருக்கு இழுக்கும் புது கேபிளில் பழுப்பு, கறுப்பு, சாம்பல், நீலம். நிறம் பார்த்தே சேர்த்துவிடலாமா அண்ணே?

பதில் 1: கூடவே கூடாது தம்பி. சிங்கப்பூரில் 2009 மார்ச் 1 முதல் புது நிறம். சிவப்புக்குப் பழுப்பு, மஞ்சளுக்குக் கறுப்பு, நீலத்துக்குச் சாம்பல். நியூட்ரல் இப்போது நீலம். எர்த் அதே பச்சை-மஞ்சள்.

பதில் 2: வில்லங்கமே கறுப்பிலும் நீலத்திலும்தான். பழைய நீல ஃபேஸைப் புது நீல நியூட்ரலில் முடுக்கினால், 230 வோல்ட் கன்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரம் விடும் காந்த சுவிட்ச்) காயிலுக்கு 400 வோல்ட் ஏறும். காயில் கருகிவிடும்.

பதில் 3: மெயினை அணைத்து, பூட்டுப் போட்டு, மூன்று ஃபேஸிலும் மின்சாரம் இல்லை என்று டெஸ்டரால் பார்த்த பிறகே கை வையுங்க. சேரும் இடத்தில் ஃபேஸுக்கு எல்1, எல்2, எல்3 என்றும் நியூட்ரலுக்கு ‘என்’ (N) என்றும் ஃபெரூல் (கம்பியில் மாட்டும் அடையாள வளையம்) மாட்டுங்க. இரண்டு வகை நிறமும் உண்டு என்று டிபி கதவில் எச்சரிக்கை ஒட்டுங்க. முன்னே வேலை பார்த்தவர் நிறத்தை மதித்தாரா, யார் கண்டது? மின்சாரம் கொடுத்ததும் ஃபேஸ் சீக்குவன்ஸ் மீட்டரில் (மூன்று ஃபேஸின் வரிசை சரியா என்று காட்டும் கருவி) பாருங்க. மோட்டார் தலைகீழாகச் சுற்றினால், மறுபடி அணைத்துவிட்டு, மோட்டார் முனையில் ஏதாவது இரண்டு ஃபேஸை மாற்றினால் போதும். லைசென்ஸ் உள்ள மின்பணியாளர் இல்லாமல் இதைத் தொடவே வேண்டாம்.