புதுப்பிப்பு: ஒயிட் சாக்ஸ் 2024, பித்தாகரஸ் கணக்கு

பேஸ்பாலில் ஓர் அணி எடுத்த ரன்களையும் எதிரணிகளுக்குக் கொடுத்த ரன்களையும் வைத்து, அது எத்தனை ஆட்டம் வென்றிருக்க வேண்டும் என்று மதிப்பிடும் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸின் ‘பித்தாகரஸ்’ சூத்திரத்தை முன்பு விளக்கியிருந்தேன். சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணியின் 2024 முழுப் பருவக் கணக்கு இதோ.

எடுத்தது 507 ரன், கொடுத்தது 813. எடுத்ததன் வர்க்கத்தை இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 0.280. அதைப் பருவத்தின் ஆட்ட எண்ணிக்கையான 162-ஆல் பெருக்கினால் 45 வெற்றி. அடுக்கு 2-க்குப் பதில் 1.83 போட்டால் 48. பேஸ்பால் ரெஃபரன்ஸ் என்ற புள்ளிவிவரத் தளம் பயன்படுத்துவது இந்த 1.83-ஐத்தான், எண் இடத்துக்கு இடம் மாறுவது இதனால்தான்.

உண்மையில் வென்றது 41. தோல்வி 121, 1962-இல் நியூயார்க் மெட்ஸ் அணி கண்ட 120-ஐத் தாண்டி, 1900-க்குப் பிந்தைய காலத்தில் ஒரே பருவத்தில் அதிகத் தோல்வி என்ற மோசமான சாதனை. இந்த இடைவெளியை வெறும் துரதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது. கடைசி இன்னிங்ஸ்களில் பந்துவீச்சு சொதப்பினால் ஒரு ரன் ஆட்டங்கள் கைநழுவும்; மொத்த ரன் கணக்கில் அது தெரியாது. (48 வென்றிருந்தாலும் பெருமைப்பட ஒன்றுமில்லை, அது வேறு கதை.)