அமுச்சி படத்துக்குப் பின்னாடி துணியா, போட்டோஷாப்பா?

கோபி ஸ்டுடியோ:
வணக்கமுங்க. படம் எடுக்கறப்ப ஆளுக்குப் பின்னாடி கட்டற பேக்டிராப் துணி வாங்கறதை இந்த வருசத்தோட விட்டுட்டனுங்க. எல்லாம் போட்டோஷாப்லயே போட்டுக்கறேன். 12க்கு 18 இஞ்ச் படம்னா இஞ்சுக்கு 300 பிக்சல் கணக்குல 3600க்கு 5400 பிக்சல். கரும்பழுப்பு, இளம்பழுப்பு ரெண்டு கலர் எடுத்து ஃபில்டர்ல கிளவுட்ஸ் போட்டா மேகம் மாதிரி ஒரு திட்டு வரும். அதைக் காசியன் பிளர்ங்கற மங்கலாக்கற ஃபில்டர்ல கலைச்சு, தலைக்குப் பின்னாடி வெளிச்சம் ஏத்தி, ஓரத்தை இருட்டாக்குனா வேலை முடிஞ்சுது. சுருக்கம் இல்லை, தூசி இல்லை. துணிக்கு எதுக்குங்க காசு போடணும்?

சென்னிமலைக்காரன்:
அண்ணா, நான் ஒத்துக்க மாட்டனுங்க. போன மாசம் எங்க அமுச்சிய, அம்மாவைப் பெத்தவங்களை, ஒரு ஸ்டுடியோவுக்குக் கூட்டிட்டுப் போனோம். பச்சைத் துணி முன்னாடி உக்கார வெச்சு எடுத்துட்டு, பின்னாடி பழுப்புத் திட்டு போட்டுக் குடுத்தாங்க. காதோரம் எப்பவும் பறக்குமே அந்த நரை முடி, ஒண்ணுகூட இல்லைங்க. கத்தரியில வெட்டுன அட்டை மாதிரி தலை. வெள்ளைச் சேலை ஓரத்துல பச்சை வேற ஏறியிருக்குது. முகத்துக்கு வெளிச்சம் இடப்பக்கம், திட்டுக்கு வெளிச்சம் வலப்பக்கம். படத்தைக் கையில வாங்குன எங்க அம்மா, ஒண்ணுஞ் சொல்லாம கவுத்து வெச்சுட்டாங்க.

கோபி ஸ்டுடியோ:
மனசு கஷ்டமா இருக்குதுங்க. ஆனா அது எடுத்தவரோட தப்பு, பேக்டிராப்போடது இல்லை. நரை முடிக்காரங்களைப் பச்சை முன்னாடி உக்கார வெக்கவே கூடாது. கருப்பு முன்னாடி வெச்சு எடுக்கணும். அப்புறம் போட்டோஷாப்ல பேக்டிராப்பைத் தனி அடுக்கா (லேயர்) படத்துக்கு மேல வெச்சு, ஸ்கிரீன்ங்கற கலக்கற மோடுக்கு மாத்துனா கருப்பு இருக்கற இடத்துல மட்டும் திட்டு தெரியும், வெள்ளை முடி அப்படியே நிக்கும். முகத்துமேலயும் சேலைமேலயும் திட்டு ஏறாம மாஸ்க் போட்டு மறைச்சாப் போதும், முடியை வெட்டற வேலையே இல்லை. கருமுடின்னா இதுக்கு நேர்மாறு: வெள்ளைச் சுவரு, மல்டிபிளை மோடு.

சென்னிமலைக்காரன்:
அப்ப கருப்புத் துணி ஒண்ணு வேணுமில்லீங்களா? அதுக்குப் பதிலா நல்ல துணியே கட்டிருங்கன்னுதான் நானும் சொல்றேன். அஞ்சடி தள்ளி ஒரு பவானி ஜமக்காளத்தைத் தொங்க விட்டா, அந்தக் கோடுகள் மங்கலா பின்னாடி நிக்கும். துணிமேல பட்ட வெளிச்சம் தோள்மேலயும் கொஞ்சம் திரும்பி விழும். அந்த ஒட்டுதலை மவுஸ்ல எப்படிக் கொண்டு வருவீங்க?

பொள்ளாச்சி லேப்:
நடுவுல ஒரு வார்த்தைங்க. பிரிண்ட் போடற இடத்துல இருந்து சொல்றேன். இருட்டுத் திட்டை ரொம்ப வழவழன்னு பிளர் பண்ணி அனுப்பறாங்க. 8 பிட் ஃபைல்ல ஒரு சேனலுக்கு, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொண்ணுக்கும், இருட்டுல இருந்து வெளிச்சம் வரைக்கும் 256 படிதான். பெரிய தாள்ல அது தலையைச் சுத்தி வளையம் வளையமா கோடு விழுகுது. 16 பிட்ல செஞ்சு, கடைசியா ஒண்ணு ரெண்டு சதவீதம் நாய்ஸ், அதாவது பொடிப் புள்ளி, சேருங்க. கையில வரைஞ்ச பழைய ஸ்டுடியோ துணியில பிரஷ் தடம் இருந்துச்சு, அதனால இந்தத் தொல்லையே இல்லை. அந்த விசயத்துல தம்பி பக்கம்தான் நானு.

கோபி ஸ்டுடியோ:
நாய்ஸ் நானும் சேக்கறனுங்க்கா, எழுத விட்டுப்போச்சு. தம்பி கேட்ட ஒட்டுதலுக்கு வர்றேன். முதல்ல முகத்துல மூக்கு நிழல் எந்தப் பக்கம் விழுகுதுன்னு பாத்துட்டுத்தான் பின்னாடி வெளிச்சத்தை வெக்கணும். திட்டோட கலரைத் தோள் ஓரத்துல லேசா, பத்து சதவீதம் ஒபாசிட்டியில தடவணும். கிளவுட்ஸ் மட்டும் போதாதுன்னா அமுச்சி வீட்டுத் திண்ணைச் சுவரையே படம் புடிச்சுட்டு வாங்க. காரை உதுந்த அந்தச் சுவரை சாஃப்ட் லைட் மோட்ல திட்டுமேல போட்டா அவங்க சொந்தச் சுவர் முன்னாடி உக்காந்த மாதிரி இருக்கும். எந்தக் கடைத் துணியிலயும் அது கிடைக்காதுங்க.

சென்னிமலைக்காரன்:
சுவர் இருக்குதுங்க, அமுச்சியும் இருக்காங்க. அப்ப அங்கயே உக்கார வெச்சு எடுத்துக்கலாமே?

கோபி ஸ்டுடியோ:
தாராளமா எடுக்கலாம். ஆனா ஏற்கனவே எடுத்த படத்துல இருக்கற சிரிப்பு திரும்ப வருமுங்களா? அந்த ஸ்டுடியோல இருந்து ராவ் ஃபைல், கேமராவுல பதிஞ்ச மூலப் படம், வாங்கி வெச்சிருக்கீங்களா?

சென்னிமலைக்காரன்:
இருக்குங்ண்ணா. திண்ணைச் சுவரையும் எடுத்து நாளைக்கு அனுப்பறேன். ஆனா இடது காதோரம் ஒரு முடி காணாமப் போனாலும் அந்தப் படம் எங்க வீட்டுச் சுவருக்கு ஏறாதுங்க.

கோபி ஸ்டுடியோ:
அனுப்புங்க. பச்சை முன்னாடி எடுத்ததுங்கறதால முடியை ஒவ்வொண்ணா பிரஷ்ல மீட்டுத்தான் ஆகணும். ரெண்டு நாள் குடுங்க.